சென்ட்ரல் பார்க் இலவச ஷேக்ஸ்பியர் நாடகம்: வயதான பெற்றோருடன் சீட்டு பெறுவது எப்படி?

எடிசன் மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கோடைக்காலத்தில் திறந்தவெளி அரங்கில் நடக்கும் இலவச ஷேக்ஸ்பியர் நாடகத்துக்குச் சீட்டு வாங்கிய அனுபவம் உள்ளவர்களிடம் யோசனை கேட்டு இதை எழுதுகிறேன்.

வரும் கோடையில் என் பெற்றோர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து சில மாதங்கள் நியூஜெர்சியின் எடிசன் ஊரில் எங்களுடன் தங்கவிருக்கிறார்கள். அப்பாவுக்கு வயது 71. அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். "வெனிஸ் நகர வணிகன்" நாடகத்தில் ஷைலக் கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்கும் நீதிமன்றக் காட்சியை அவர் வகுப்பில் குரல் மாற்றிப் படித்துக் காட்டுவார் என்று அவருடைய பழைய மாணவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் ஷேக்ஸ்பியரின் ஒரு நாடகத்தைக்கூட அவர் மேடையில் பார்த்ததில்லை. "அங்கே பூங்காவில் காசு வாங்காமல் நடத்துகிறார்களாமே, உண்மையா?" என்று தொலைபேசியில் மூன்று முறை கேட்டுவிட்டார்.

எனக்குள்ள ஐயங்கள் இவை. விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும் என்கிறார்கள். அம்மாவுக்கு (வயது 66) முழங்கால் வலி இருப்பதால் அது நடக்கக்கூடிய காரியமா? ஒருவருக்கு இரண்டு சீட்டுதான் என்றால் நாங்கள் நால்வர் எப்படிச் சேர்ந்து பார்ப்பது? கைப்பேசிச் செயலியில் குலுக்கல் உண்டு என்கிறார்களே, அதை நம்பி இருக்கலாமா? அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. அவரை மூன்று மணி நேரம் உட்கார வைப்பது சரிதானா என்ற தயக்கமும் இருக்கிறது. இங்கே உள்ள உறவினர் ஒருவர், பணம் கொடுத்தால் நமக்காக வரிசையில் நிற்க ஆள் கிடைக்கும் என்றார். அப்படிச் செய்தவர்கள் யாராவது இருந்தால் அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

குயின்ஸ்வாசி

வணக்கம் சகோதரி. நான் ஆறேழு கோடைகளில் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். ஒரு முறை என் மாமியாரையும் அழைத்துச் சென்றிருக்கிறேன் என்பதால் உங்கள் கேள்விகளுக்கு நேரடியாகவே பதில் சொல்ல முடியும்.

முதலில், உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய செய்தி. 65 வயதைக் கடந்தவர்களுக்கும் உடல்நலக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அங்கே தனி வரிசை உண்டு. அதில் உட்காருவதற்கு பெஞ்சுகள் இருக்கும். வயதைக் காட்டும் அடையாள அட்டை வேண்டும். கடவுச்சீட்டை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் பெற்றோர் இருவருமே அந்த வயதைக் கடந்தவர்கள். நான் மாமியாருடன் சென்ற ஆண்டில் அந்த வரிசையிலும் ஆளுக்கு இரண்டு சீட்டு கொடுத்தார்கள். அந்த விதி மாறாமல் இருந்தால் அவர்கள் இருவர் கையிலும் சேர்த்து நான்கு சீட்டு வந்துவிடும். விதிகளைச் சீசனுக்குச் சீசன் சற்று மாற்றுவார்கள் என்பதால், அந்தந்த ஆண்டுக்கான அறிவிப்பை, இந்த நாடகங்களை நடத்தும் பப்ளிக் தியேட்டரின் இணையதளத்தில் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

பொது வரிசையின் நடைமுறை இது. பூங்கா காலை 6 மணிக்குத் திறக்கும். அதற்கு முன்பே வருகிறவர்கள் சென்ட்ரல் பார்க் வெஸ்ட் சாலையில் 81ஆம் தெருவின் முனையில், வெளியே நடைபாதையில் நிற்பார்கள். 6 மணிக்குப் பணியாளர்கள் வந்து, அந்த வரிசை கலையாமல் அப்படியே உள்ளே, நாடகம் நடக்கும் டெலகோர்ட் அரங்கின் பக்கம் அழைத்துச் செல்வார்கள். சீட்டு கொடுப்பது நண்பகல் 12 மணிக்கு. ஆக, ஆறு மணி நேரம் புல்லோரப் பாதையில், மரநிழலில், போர்வை விரித்து உட்கார வேண்டியிருக்கும்.

அதைத் தண்டனையாக நினைக்க வேண்டாம். நான் கடைசியாகச் சென்ற நாளில் எனக்கு முன்னால் ஒரு தாத்தா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அன்றைய நாடகத்தின் புத்தகத்தைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் கல்லூரி மாணவிகள் இருவர் காலணியைக் கழற்றித் தலைக்கு வைத்துத் தூங்கினார்கள். எட்டரை மணி வாக்கில் ஒரு வயலின்காரர் வந்து வரிசை நெடுக வாசித்துக்கொண்டே போனார். உணவகங்களிலிருந்து வரிசைக்கே சாப்பாடு வரவழைப்பவர்கள் உண்டு. நான் தயிர்சாதமும் மாவடுவும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். கழிப்பறை அரங்கை ஒட்டியே இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போய் வரலாம். ஆனால் நெடுநேரம் காணாமல் போகக் கூடாது, பின்னர் வரும் நண்பரை நடுவில் சேர்த்துக்கொள்ளவும் கூடாது. வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்கள் இதில் கண்டிப்பானவர்கள். அதே சமயம், "இந்த இடத்துக்குப் பின்னால் உள்ளவர்களுக்குச் சீட்டு கிடைப்பது கடினம்" என்று முன்கூட்டியே சொல்லி, வீணாகக் காத்திருக்காமல் காப்பாற்றுவதும் அவர்கள்தான்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பது நாடகத்தையும் நடிகர்களையும் பொறுத்தது. அரங்கில் ஏறத்தாழ 1,800 இருக்கைகள் இருந்தாலும் எல்லாமே வரிசைக்கு வருவதில்லை. 2025 ஆகஸ்டில், புதுப்பித்த அரங்கு திறந்தபோது நடந்த "பன்னிரண்டாம் இரவு" நாடகத்தில் லுபிட்டா நியோங்கோ, சாண்ட்ரா ஓ, பீட்டர் டிங்க்லேஜ் ஆகியோர் நடித்தார்கள். அத்தகைய காட்சிகளுக்கு விடிவதற்கு முன்பே போக வேண்டும். பெயர் தெரியாத நடிகர்கள் நடிக்கும் நாடகமாக இருந்து, செவ்வாய் புதன் போன்ற வாரநாளும் அமைந்துவிட்டால் சற்று நிதானமாகப் போகலாம். வெள்ளி, சனிக்கிழமைகளையும் கடைசி வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

சீட்டு வாங்கிய பிறகு நாடகம் தொடங்கும் இரவு 8 மணி வரை நீண்ட இடைவெளி இருக்கிறது. உங்கள் அம்மாவை அந்த நேரத்தில் வெயிலில் அலைய விடாதீர்கள். 81ஆம் தெருவிலேயே இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது, குளிர்ச்சியான இடம். எடிசனிலிருந்து வந்து, திரும்பிப் போய், மீண்டும் வருவது ஆகாத காரியம். நகருக்குள் உறவினர் வீடு இருந்தால் முதல் நாள் இரவே வந்து தங்குவதுதான் நல்லது.

குலுக்கல் பக்கம்

குலுக்கலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டுடேடிக்ஸ் செயலியில் நாடகம் நடக்கும் அன்றன்றைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். நண்பகலுக்குப் பிறகு முடிவு வரும். கிடைத்தால் குறித்த நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். தவறினால் சீட்டு வேறொருவருக்குப் போய்விடும். லஃபாயெட் தெருவில் உள்ள பப்ளிக் தியேட்டர் கட்டடத்தில் நேரில் போய்ப் பெயர் கொடுக்கும் குலுக்கலும் நடந்திருக்கிறது.

நான் ஒரு கோடை முழுவதும் நாள்தோறும் பெயர் கொடுத்து ஒரு முறைகூடப் பெறவில்லை. என் அலுவலக நண்பருக்கு மூன்றாம் நாளே விழுந்தது. எனவே அதை நம்பி அப்பாவிடம் நாள் குறித்துச் சொல்லிவிடாதீர்கள். பெற்றோர் வந்து இறங்கிய நாளிலிருந்து வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் கொடுத்து வாருங்கள். செலவு ஏதும் இல்லை. கிடைத்தால் முடிவு வந்த அன்று மாலையே புறப்படக்கூடிய நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய வரிசைக்காரன்

அம்மா, உங்கள் கடைசிக் கேள்வி என்னை எழுத வைத்தது. நான் இந்த நகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறேன். பணம் கொடுத்து ஆளை நிற்க வைக்கும் வழியைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

அந்த நாடகம் ஏன் இலவசம் என்பதை அறிந்தால் நான் சொல்வது புரியும். ஜோசப் பாப் என்பவர் புரூக்ளினில் ஏழை யூதக் குடியேறிகளின் வீட்டில் பிறந்தவர். பொது நூலகத்தில் படித்து ஷேக்ஸ்பியரைக் கண்டுகொண்டவர். நூலகத்தில் புத்தகம் எடுக்க யாரும் காசு கேட்பதில்லை என்றால் நாடகத்துக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்பதே அவருடைய கட்சி. 1954இல் சிறிய குழுவாகத் தொடங்கி, 1956இல் ஈஸ்ட் ரிவர் பூங்காவின் திறந்த அரங்கில் "ஜூலியஸ் சீசர்" நாடகத்தை இலவசமாக நடத்தினார். அடுத்த ஆண்டு ஒரு லாரியில் மேடையை ஏற்றிக்கொண்டு நகரின் பூங்காக்களைச் சுற்றினார். அந்த லாரி சென்ட்ரல் பார்க்கில் குளக்கரைப் பக்கம் பழுதாகி நின்றுவிட்டதாகவும், அங்கேயே நாடகம் வேரூன்றிவிட்டதாகவும் சொல்வார்கள்.

பூங்காக்களின் ஆணையராக இருந்த ராபர்ட் மோசஸ் அக்காலத்தில் இந்த நகரில் எவரும் எதிர்க்கத் துணியாத அதிகாரி. 1959இல் அவர், கூட்டம் புல்தரையை மிதித்துப் பாழாக்குகிறது, ஆகவே கட்டணம் வாங்கித்தான் நடத்த வேண்டும், இல்லையேல் அனுமதி இல்லை என்றார். சிறு தொகைதானே, வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். பாப் மறுத்தார். வழக்குப் போட்டார். கீழ்நீதிமன்றத்தில் தோற்றார், மேல்முறையீட்டில் வென்றார். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு மோசஸே நகராட்சியிடம் நிரந்தர அரங்கு கட்டப் பணம் கேட்டார் என்பது வரலாறு. பதிப்பாளர் ஜார்ஜ் டெலகோர்ட் 150,000 டாலர் கொடுத்தார். அவர் பெயரில் 1962 ஜூனில் அரங்கு திறந்தது. உங்கள் அப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: அங்கே முதன்முதலில் நடந்த நாடகம் "வெனிஸ் நகர வணிகன்". ஜார்ஜ் சி. ஸ்காட் ஷைலக்காக நின்றார்.

2010இல் அதே நாடகத்தில் அல் பசினோ ஷைலக்காக நடித்தபோது கூட்டம் தாங்கவில்லை. இலவசச் சீட்டுகள் இணையத்தில் விலைக்கு வந்தன. மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் தலையிட்டு விற்பனையைத் தடுக்க வேண்டிய நிலை வந்தது. அந்த நாள்களில் எனக்குத் தெரிந்த ஒருவர், விளம்பரத்தில் பார்த்த ஆளுக்கு முன்பணம் அனுப்பிவிட்டு, பிள்ளைகளுடன் மாலை ஏழு மணிக்கு அரங்கின் வாசலில் வந்து நின்றார். சீட்டு கொண்டு வருவதாகச் சொன்ன ஆள் வரவே இல்லை. பணம் போனதைவிட, உள்ளே விளக்குகள் ஏற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பிள்ளைகள் நின்றதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஏமாற்று நடக்காவிட்டாலும் எனக்கு மனம் ஒப்பாது. அங்கே ஒருவர் கொடுக்கும் விலை அவருடைய ஒரு காலைப்பொழுதுதான். மருத்துவருக்கும் அதே ஆறு மணி நேரம், இரவுப்பணி முடித்து நேராக வரும் துப்புரவுத் தொழிலாளிக்கும் அதே ஆறு மணி நேரம். பணம் உள்ளே நுழைந்தால், பாப் நீதிமன்றம் ஏறிப் பெற்றது வாசலிலேயே விலைபோய்விடும். பணம் செலவழிக்க விரும்பினால் அதற்கு நேர்மையான வழி இருக்கிறது: பப்ளிக் தியேட்டருக்கே நன்கொடை கொடுத்தால் இருக்கை ஒதுக்கித் தருகிறார்கள். அந்தப் பணம் அடுத்தவர் இலவசமாகப் பார்ப்பதற்கு உதவுகிறது. தொகை குறைந்ததல்ல, நான்கு பேருக்கு யோசிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. நியூயார்க் நகரின் ஐந்து வட்டாரங்களிலும் நூலகம், சமூகக்கூடம் போன்ற இடங்களில் சில நாள்களில் சீட்டு விநியோகம் நடக்கும். மன்ஹாட்டன் வரை வந்து நிற்க முடியாத பிரான்க்ஸ், ஸ்டேட்டன் தீவு மக்களை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. எடிசனில் இருக்கும் நீங்கள் அதை அவர்களுக்கு விட்டுவிட வேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து.

ஹார்லெம் பக்கத்து வீடு

மேலே எழுதியவர்கள் டெலகோர்ட் ஒன்றையே சொல்கிறார்கள். வரிசையே இல்லாத இலவச நாடகங்களும் இதே நகரில் உண்டு. மார்கஸ் கார்வி பூங்காவின் திறந்த அரங்கில் கிளாசிக்கல் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் குழுவினர் கோடைதோறும் நடத்துகிறார்கள். ஆட்டமும் இசையும் கலந்து மொழி தெரியாதவரையும் பிடித்து உட்கார வைக்கும் தயாரிப்புகள். ரிவர்சைடு பூங்காவில் போர்வீரர் நினைவுச் சின்னத்தின் படிகளில் ஹட்சன் கிளாசிக்கல் குழு நடத்துகிறது. நியூயார்க் கிளாசிக்கல் தியேட்டர் நாடகங்களில் காட்சிக்குக் காட்சி நடிகர்கள் பூங்காவில் இடம் மாறுவார்கள், பார்ப்பவர்களும் எழுந்து பின்னால் நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ள உங்கள் அம்மாவுக்கு அது வேண்டாம்.

சீட்டு கிடைக்காத நாளில் அப்பாவை வெறுங்கையுடன் வீட்டுக்கு அழைத்துச் செல்லாமல் இவற்றில் ஒன்றுக்கு அழைத்துச் செல்லலாம் என்பதற்காகச் சொன்னேன்.

செயின்ட் லூயிஸ் தமிழன்

கேள்விக்குச் சற்று வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெற்றோருடன் மிசௌரிப் பக்கம் வர நேர்ந்தால், எங்கள் ஃபாரஸ்ட் பூங்காவில் உள்ள முனி அரங்கில் ஏறத்தாழ 11,000 இருக்கைகள். அவற்றில் கடைசி வரிசைகளில் சுமார் 1,500 இருக்கைகள் ஒவ்வொரு இரவும் இலவசம். சீட்டே கிடையாது, முதலில் வருகிறவர் உட்காரலாம். இசை நாடகங்கள்தான் நடக்கும். தொலைவிலிருந்து பார்ப்பதால் ஒரு பைனாகுலர் கொண்டு வாருங்கள்.

எடிசன் மகள்

எழுதிய அனைவருக்கும் என் நன்றி. 65 வயதினருக்கான வரிசையைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. பழைய வரிசைக்காரன் ஐயா எழுதியதை அப்பாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அரங்கில் முதல் நாடகமே "வெனிஸ் நகர வணிகன்" என்று கேட்டதும் சிறிது நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. பிறகு, "ஆள் வைத்து நிற்க வேண்டாம் அம்மா, நானே நிற்கிறேன்" என்றார்.

அம்மாவைப் பற்றிய தயக்கமும் நீங்கியது. அதைத் தீர்த்தவரும் அவரே. அவருடைய அம்மா வீடு மெலட்டூர். நரசிம்ம ஜெயந்தியின்போது கோயிலுக்கு எதிரே நடக்கும் பாகவத மேளாவை, தரையில் பாய் விரித்து இரவெல்லாம் விழித்துப் பார்த்து வளர்ந்தவர். பிரகலாத சரித்திரம் முழுவதும் தெலுங்கு. "எனக்குத் தெலுங்கு தெரிந்தா பார்த்தேன்? கதை தெரியும், முகத்தைப் பார்த்தால் புரியும். நீ கதையை முன்னாலேயே சொல்லிவிடு" என்றார். எனவே நாடகம் எதுவென்று அறிவிப்பு வந்ததும் அப்பா அம்மாவுக்குக் கதை சொல்வதாக ஏற்பாடு.

இன்னும் இரண்டு ஐயங்கள். மழை வந்தால் என்ன ஆகும்? அப்பாவுக்கு ஒரு காதில் கேட்கும் திறன் சற்றுக் குறைவு. அதற்கு ஏதாவது வசதி உண்டா?

குயின்ஸ்வாசி

உங்கள் அம்மா சொன்னது முற்றிலும் சரி. 2025இன் "பன்னிரண்டாம் இரவு" நாடகத்தில் லுபிட்டாவும், அவருடைய சொந்தத் தம்பியும் இரட்டையர்களாக நடித்தார்கள். இடையிடையே சுவாஹிலியில் பேசினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மொழி தெரிந்திருக்காது. ஆனால் கடலில் பிரிந்த இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இடத்தில் என் பக்கத்தில் இருந்த பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காதுக்கு: சில குறிப்பிட்ட நாள்களில் வசனங்களை எழுத்தாகத் திரையில் காட்டும் காட்சிகள் உண்டு. அந்தத் தேதிகளை இணையதளத்தில் பார்த்து அதில் ஒன்றுக்கு வரிசையில் நில்லுங்கள். அப்பாவுக்கு அந்த வசனங்கள் எழுத்தாகவும் வருவது நிச்சயம் பிடிக்கும். 2025இல் முடிந்த புதுப்பிப்பில் சாய்தளங்களையும் இருக்கைகளுக்குப் போகும் வழிகளையும் நன்றாகச் செய்திருக்கிறார்கள், அம்மாவுக்குச் சிரமம் குறையும். உள்ளே போவதற்கு முன் அரங்கின் வெளிச்சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நகரின் பழைய மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளைப் பிரித்து எடுத்த ரெட்வுட் மரப் பலகைகள் அவை.

மழைக்கு: மழைக்காக இரவு 8 மணிக்கு முன் நாடகத்தைப் பெரும்பாலும் ரத்து செய்ய மாட்டார்கள். வானம் இருட்டியிருந்தாலும் போய் உட்கார வேண்டும். தூறலில் நடிப்பார்கள், மழை வலுத்தால் நிறுத்திவிட்டு, விட்டதும் மேடையைத் துடைத்துவிட்டுத் தொடர்வதைப் பார்த்திருக்கிறேன். குடை பிடிக்கக் கூடாது, பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். நால்வருக்கும் மழையங்கி எடுத்துச் செல்லுங்கள். ஈரமான இருக்கையைத் துடைக்க ஒரு பழைய துண்டும், இரவு பத்து மணிக்கு மேல் குளத்துப் பக்கக் காற்று குளிரும் என்பதால் அம்மாவுக்கு ஒரு சால்வையும் வேண்டும். மழையைவிடக் காற்றின் தரம் தொந்தரவு கொடுத்த ஆண்டும் உண்டு; 2023 ஜூனில் கனடாக் காட்டுத்தீயின் புகை நகரை மூடியபோது "ஹாம்லெட்" காட்சிகள் சில ரத்தாயின. ஆகவே பெற்றோர் ஊர் திரும்பும் வாரம் வரை தள்ளிப்போடாமல், நாடகம் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒரு வாரநாளாகப் பார்த்து முயற்சி செய்யுங்கள். அன்று தவறினாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

நண்பகலில் சீட்டு கிடைக்காமல் போனால் உடனே வீடு திரும்ப வேண்டாம். வராதவர்களின் இருக்கைகளுக்காக ஸ்டாண்ட்பை வரிசை ஒன்று உண்டு. நாடகம் தொடங்கும் நேரம் வரையிலும் அதிலிருந்து ஆட்களை உள்ளே அனுப்புவார்கள். நால்வருக்கும் சேர்ந்த இடம் அதில் கிடைக்காது. இரண்டு கிடைத்தால் பெற்றோரை அனுப்பிவிட்டு, நீங்கள் இருவரும் வெளியே ஆமைக்குளத்தின் கரையில் உட்காருங்கள். மேடையின் குரல் அங்கே வரை ஓரளவு கேட்கும்.